கிளஸ்டரில் படம் மெதுவாகத் திறக்கிறதா? செட்டிங்கில் கை வைக்காதீர்கள்

சிம்மக்கல்லில் ஒரு கல்யாண ஆல்பம் ஸ்டூடியோவுக்கு சர்வர் வேலை பார்க்கிறேன். மூன்று மெஷின், ஒவ்வொரு ஃபைலும் மூன்றிலும் ஒரு காப்பி, பல மெஷினின் டிஸ்க்கை ஒரே சேமிப்பிடமாகக் காட்டும், எறும்புச் சின்னம் போட்ட அந்த கிளஸ்டர்எஃப்எஸ் (GlusterFS). நாலாவது மெஷின் அதை மவுண்ட் செய்து (தன்னுடைய ஃபோல்டர் போல இணைத்து) சாம்பா என்ற ஃபைல் பகிர்வு மென்பொருள் வழியாக டிசைனர்களுக்குக் கொடுக்கிறது. சித்திரைத் திருவிழா முடிந்து, தல்லாகுளம் எதிர்சேவைப் படங்கள் மொத்தமாக உள்ளே வந்த வாரம், "அண்ணே, படம் திறக்கவே மாட்டேங்குது" என்று ஆரம்பித்தார்கள். நானும் எல்லாரும் செய்கிற தப்பைத்தான் செய்தேன்: கேஷ் அளவு, ரீட் அஹெட், த்ரெட் எண்ணிக்கை என்று நெட்டில் கிடைத்த ஆப்ஷனையெல்லாம் மாற்றிப் பார்த்தேன். ஒரு ராத்திரி போனதுதான் மிச்சம். கண்மாய் நிறையத் தண்ணீர் கிடக்கிறது, மடையில் அடைப்பு, நான் கரையை உயர்த்திக்கொண்டிருந்தேன்.

சரி, எங்கே தொடங்குவது? எது மெதுவாக இருக்கிறது என்று முதலில் கேளுங்கள். பெரிய வீடியோ ஓடும்போது திக்குகிறதா, ஆயிரக்கணக்கான ஃபைல் உள்ள ஃபோல்டர் திறக்க நேரமாகிறதா, எல்லாருக்குமா, ஒருவருக்கு மட்டுமா. நான் ஒரு டிசைனர் பக்கத்தில் அரை மணி நேரம் உட்கார்ந்து பார்த்தேன். ஒரே ஃபோல்டரில் சில படம் டக்கென்று வருகிறது, சிலது இரண்டு மூன்று வினாடி இழுக்கிறது. தாளில் குறித்துக்கொண்டே வந்தால், ஏறக்குறைய மூன்றில் ஒன்று. அதுவும் அடுத்த சீட்டில் போய்ப் பார்த்தாலும் அதே படங்கள்தான்.

இது பெரிய துப்பு. மூன்று காப்பி இருந்தாலும் படிக்கும்போது ஒரு காப்பியிலிருந்துதான் வரும், எதிலிருந்து என்பதை ஃபைலின் உள் அடையாள எண்ணை வைத்துக் கணக்குப் போட்டு முடிவு செய்கிறது. அப்படியானால் ஏதோ ஒரு மெஷின்தான் நொண்டுகிறது.

இனி அடியிலிருந்து மேலே வாருங்கள். ஒவ்வொரு மெஷினிலும் டேட்டா இருக்கும் டிஸ்க்கிலிருந்தே டிடி (dd) கமாண்ட் போட்டு ஒரு பெரிய ஃபைலைப் படியுங்கள் (படிக்க மட்டும், அங்கே நேரடியாக எழுதவோ அழிக்கவோ கூடாது). அதற்கு முன் லினக்ஸின் ட்ராப் கேஷஸ் (/proc/sys/vm/drop_caches) ஃபைலில் 3 எழுதி மெமரியில் தங்கிய காப்பியைக் காலி செய்யாவிட்டால், ரேமிலிருந்து வரும் வேகத்தைப் பார்த்து டிஸ்க் பறக்கிறது என்று ஏமாந்துபோவீர்கள். சாதாரண 7200 ஆர்பிஎம் டிஸ்க் வினாடிக்கு 100 எம்பிக்கு மேல் தரவேண்டும். 20, 30 என்று வந்தால் டிஸ்க்கின் உடல்நிலையைக் காட்டும் ஸ்மார்ட்சிடிஎல்லில் (smartctl) பெண்டிங் செக்டர், அதாவது படிக்கத் தடுமாறும் இடங்களின் எண்ணிக்கையைப் பாருங்கள், பூஜ்யம் இல்லை என்றால் புது டிஸ்க்குக்கு இப்போதே சொல்லிவிடுங்கள்.

எங்களுக்கு மூன்று டிஸ்க்கும் நன்றாக இருந்தன. அடுத்தது நெட்வொர்க். நாலாவது மெஷினிலிருந்து ஒவ்வொரு மெஷினுக்கும் ஐபெர்ஃப்3 (iperf3, லைன் வேகத்தை அளக்கும் கருவி) ஓட்டும்போது கேப்பிடல் ஆர் (-R) ஆப்ஷனையும் போட்டு இரண்டு திசையிலும் பாருங்கள், படிக்கும்போது டேட்டா சர்வரிலிருந்துதானே வருகிறது. கிகாபிட் லைன் என்றால் வினாடிக்கு சுமார் 940 எம்பிட் (மெகாபிட்; எட்டு பிட் ஒரு பைட்) காட்டும். இரண்டு மெஷின் அப்படியே காட்டின, மூன்றாவது 94. லைன் எந்த வேகத்தில் இணைந்திருக்கிறது என்று காட்டும் ஈத்டூல் (ethtool) போட்டேன்: ஸ்பீடு 100. லாஃப்டில் போகும் கேபிளை இழுத்துப் பார்த்தால், ஒரு முழம் அளவுக்கு அணில் கொறித்து வைத்திருக்கிறது, பச்சை ஜோடி தெரிந்தது, பழுப்பு ஜோடி அறுந்தே போயிருந்தது. கிகாபிட்டுக்கு நாலு ஜோடி கம்பியும் வேண்டும், 100க்கு இரண்டு ஜோடி போதும்; அதனால் லைன் சாகாமல் சத்தமில்லாமல் கீழே இறங்கிவிட்டது. 30 எம்பி ரா ஃபைல் (கேமராவின் சுருக்காத மூலப் படம்) கால் வினாடியில் வரவேண்டியது, கிட்டத்தட்ட மூன்று வினாடி ஆனதற்குக் கணக்கும் சரியாக உட்கார்ந்தது. புது கேட்6 கேபிள் இழுத்தேன், இந்த முறை குழாய்க்குள் விட்டு.

ஃபோல்டர் திறப்பதுதான் தாமதம் என்றால் அது வேறு கதை. ஃபைல் இருக்கிறதா என்று தேடும் கேள்வி மூன்று மெஷினுக்கும் போகும், மூன்றும் பதில் சொல்ல வேண்டும், இது ஒவ்வொரு ஃபைலுக்கும். எந்த வேலைக்கு எவ்வளவு நேரம் போகிறது என்று கிளஸ்டர்எஃப்எஸ் கணக்கெடுக்கும் வால்யூம் ப்ரொஃபைலை (gluster volume profile) ஆன் செய்து பத்து நிமிடம் வேலை நடக்கவிட்டு இன்ஃபோ பாருங்கள். நேரமெல்லாம் லுக்கப்பில், அதாவது அந்தத் தேடும் கேள்வியில் போனால் லைனை மாற்றிப் பயனில்லை, ஃபைல் விவரங்களை நினைவில் வைக்கும் மெட்டாடேட்டா கேஷை இப்போது தொடலாம். அதைவிட, 40,000 படத்தை ஒரே ஃபோல்டரில் கொட்டாமல் நிகழ்ச்சிவாரியாகப் பிரித்துப் போடச் சொல்லுங்கள். பார்த்து முடித்ததும் ப்ரொஃபைலை நிறுத்த மறக்காதீர்கள்.

கரண்ட் போய் ஒரு மெஷின் மட்டும் அணைந்து எழுந்திருந்தால் மேலே சொன்ன எதையும் செய்வதற்கு முன் ஹீல் இன்ஃபோ (gluster volume heal ... info, சரிசெய்ய வேண்டிய ஃபைல்களின் பட்டியல்) பாருங்கள். விட்டுப்போனதை மற்ற இரண்டிலிருந்தும் காப்பி செய்துகொண்டிருக்கும், அந்த நேரம் டிஸ்க் மூச்சு வாங்கும், நீங்கள் எடுக்கும் எந்த அளவும் தப்பாகத்தான் வரும். பட்டியலில் இருக்கும் எண்ணிக்கை குறைந்துகொண்டே வந்தால் டீ குடித்துவிட்டு வாருங்கள். ஒரு மணி நேரமாக அதே எண்ணிலேயே நின்றால், மறுபடி கேபிளில் இருந்து ஆரம்பியுங்கள்.