ஏழை நாடுகளுக்குக் கொள்கை வகுக்கையில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

வளரும் நாட்டுக்குக் கடன் கொடுக்கும்போது, கூடவே ஒரு நிபந்தனைப் பட்டியலும் போகும். அதில் இருப்பது பெரும்பாலும் கல்லூரியில் முதல் வருடம் சொல்லித்தரும் பொருளாதாரம்தான். பாடத்தில் பிழை இல்லை. எதையெல்லாம் இருப்பதாக வைத்துக்கொண்டு அது கணக்குப் போடுகிறது என்று பார்க்காமல் விடுவதுதான் பெரிய தவறு.

ஆப்பிரிக்க நாடான மொசாம்பிக்கில் நடந்ததைப் பாருங்கள். ஒரு காலத்தில் உலக முந்திரி உற்பத்தியில் முன்னணியில் இருந்த நாடு அது. விடுதலைக்குப் பிறகு வந்த உள்நாட்டுப் போரில் நொடித்துப்போனது. 1990-களின் நடுவில் உலக வங்கி, உடைக்காத முந்திரிக்கொட்டை மீதான ஏற்றுமதி வரியைக் குறைக்கச் சொன்னது. வரியால் கொட்டை உள்ளூர் ஆலைகளுக்கு மலிவாகப் போகிறது, நஷ்டம் விவசாயிக்கு. வரி குறைந்தால் அவருக்கு நல்ல விலை கிடைக்கும், ஆலைத் தொழிலாளி வேறு வேலைக்குப் போவார் என்பது வாதம்.

வரி குறைந்தது. கொட்டை இந்தியாவுக்குக் கப்பலேறியது. ஆலைகள் மூடின, ஏறக்குறைய 10,000 பேருக்கு வேலை போனது. போரிலிருந்து அப்போதுதான் மீண்ட நாட்டில் அந்த ‘வேறு வேலை’ எங்கே இருக்கும்? சரி, விவசாயிக்காவது கிடைத்ததா என்றால், பொருளாதார அறிஞர் டானி ரோட்ரிக் உள்ளிட்டோர் பின்னர் போட்ட கணக்குப்படி ஒரு குடும்பத்துக்குச் சராசரியாக ஆண்டுக்கு 6 டாலர்கூட வரவில்லை. தோப்புக்கும் துறைமுகத்துக்கும் நடுவில் இருந்த வியாபாரிகளிடமே லாபத்தில் நல்ல பங்கு தங்கிவிட்டது. புது மரம் காய்க்கச் சில ஆண்டுகள் ஆகும். நாளைக்கு வரி மறுபடி ஏறாது என்று நம்பினால்தானே நடுவார்கள்? அந்த நம்பிக்கையும் இல்லை. 1999-இல் அந்நாட்டு நாடாளுமன்றமே வரியை 18 சதவீதத்துக்கும் 22 சதவீதத்துக்கும் இடைப்பட்ட அளவுக்கு உயர்த்தியது. அப்புறம்தான் நம்புலா பகுதியில் சிறிய ஆலைகள் தலையெடுத்தன.

இன்னொரு தவறு, காசு கொடுத்து வாங்கினால்தான் மதிப்பு தெரியும் என்று நினைப்பது. மேற்குக் கென்யாவில் கர்ப்பிணிகளுக்குக் கொசுவலை தந்து சோதித்தார்கள். இலவசமாகக் கொடுத்ததற்கு 60 அமெரிக்க சென்ட் விலை வைத்ததும், வாங்கியோர் விகிதம் 60 சதவீதப் புள்ளிகள் சரிந்தது. இலவசமாகப் பெற்றவர்கள் வலையைப் பயன்படுத்தாமல் போட்டுவிடவும் இல்லை. மலேரியா உள்ள ஊரில் பூச்சிமருந்து தோய்த்த வலை, கட்டியவர் வீட்டை மட்டுமல்ல, பக்கத்து வீட்டையும் காக்கும். இதுவும் பாடப்புத்தகத்தில் இருக்கும் விஷயம்தான், கட்டணம் விதித்தவர்கள் அந்தப் பக்கத்தைப் புரட்டவில்லை.

இதைப் படித்துவிட்டுப் பாடத்தையே தூக்கிப்போடுவதும் தவறு. விலை மாறினால் மக்கள் நடந்துகொள்வதும் மாறும், மொசாம்பிக்கிலும் மாறியது. விடுதலைக்குப் பின் கொட்டை ஏற்றுமதியையே தடைசெய்து, விவசாயிக்குக் குறைந்த விலை கொடுத்த ஆண்டுகளில் மரங்களைப் பராமரிப்பதில் யாருக்கும் ஆர்வம் இருக்கவில்லை. தோப்புகள் கிழடு தட்டியதற்குப் போர் மட்டும் காரணமல்ல.