குல்மார்க் பனிக்குப் போகிறீர்களா? முதலில் பூட்ஸைப் பாருங்கள்

பனிச்சறுக்குக்குப் பலகைதான் முக்கியம் என்று பலர் நினைக்கிறார்கள். இல்லை, முதலில் பூட்ஸ். அது சரியில்லை என்றால் எந்தப் பலகையும் சொன்ன பேச்சு கேட்காது.

பூட்ஸ் அளவு மாண்டோபாயிண்ட் கணக்கு, அதாவது பாதத்தின் நீளம் சென்டிமீட்டரில். கடையில் உள்ளுறையைக் கழற்றிவிட்டு வெறும் ஓட்டுக்குள் காலை விட்டு, விரல் நுனி முன்பக்கம் லேசாகத் தொடும்படி நின்று, குதிகாலுக்குப் பின்னால் எவ்வளவு இடைவெளி என்று பாருங்கள். ஒன்றரை முதல் இரண்டு செ.மீ. என்றால் சரி, அதைத் தாண்டினால் பெரிது. அப்புறம் உள்ளுறையோடு, ஒரே ஒரு மெல்லிய சாக்ஸ் போட்டு, கொக்கிகளை மாட்டி முழங்காலை முன்னால் மடக்குங்கள். நிமிர்ந்து நிற்கும்போது விரல் முட்டலாம், மடக்கினால் விலக வேண்டும், குதிகால் மட்டும் எழும்பவே கூடாது. பத்து நிமிடமாவது போட்டுக்கொண்டே நில்லுங்கள், கடைக்காரர் முகம் சுளித்தாலும் பரவாயில்லை. ஃப்ளெக்ஸ் எண், அதாவது பூட்ஸ் எவ்வளவு விறைப்பு என்று காட்டும் எண், கம்பெனிக்குக் கம்பெனி மாறும், அதை மட்டும் நம்பி வாங்காதீர்கள்.

பலகையில் பார்க்க வேண்டியது நடு அகலம். இயந்திரத்தால் சமன்செய்த சரிவுக்கு 70 முதல் 85 மி.மீ. போதும். கொண்டோலா என்ற கேபிள் காரில் ஏறி அஃபர்வாட் மலைப்பக்கம் புதுப்பனியில் இறங்க 100-க்கு மேல், முனை மேல்நோக்கி வளைந்தது வேண்டும், இல்லாவிட்டால் மூக்கு புதைந்துவிடும். வாங்குமுன் வாடகைக்கு எடுத்து, ஒரே சரிவில் இரண்டு ஜோடியை மாற்றி மாற்றி ஓட்டுங்கள்: காலையில் இறுகிய பனியில் ஓரம் பிடிக்கிறதா, மதியம் இளகியபின் சுலபமாகத் திரும்புகிறதா? பூட்ஸைப் பலகையோடு பிடித்திருக்கும் பைண்டிங், விழும்போது எவ்வளவு விசையில் விடுபட வேண்டும் என்ற அளவை நீங்களே திருகாதீர்கள். எடை, உயரம், வயது, திறமை, பூட்ஸின் அடி நீளம் எல்லாம் பார்த்து மெக்கானிக் வைக்கட்டும்.