"முடியலைன்னா படகுல ஏறிக்கலாம்": சைக்கிள், படகுப் பயணத்தில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

சைக்கிளும் படகும் சேர்ந்த விடுமுறை என்றால் பலரும் முதலில் எடுப்பது நெதர்லாந்தின் ஆம்ஸ்டர்டாமுக்கும் பெல்ஜியத்தின் புரூஜுக்கும் நடுவேயான வழிதான். பெரும்பாலும் ஒரு வாரம். பகலில் 30 முதல் 55 கிலோமீட்டர் வரை சைக்கிள், இரவில் பார்ஜ் என்கிற தங்கும் படகில் படுக்கை. பெட்டியெல்லாம் படகோடு வந்துவிடும், நாம் கைவீசிக்கொண்டு ஓட்டலாம். ஒவ்வொரு கோடையிலும் தெரிந்தவர்கள் யாராவது கிளம்புகிறார்கள். ஆள்தான் மாறுகிறது, திரும்பி வந்து சொல்லும் புலம்பல் மாறுவதில்லை. ஹெல்மெட், மழைக்கோட்டு பற்றியெல்லாம் இங்கே பேசப்போவதில்லை. அது உங்களுக்கே தெரியும்.

திசையைப் பார்க்காமல் பதிவு செய்வது

நெதர்லாந்தில் காற்று பெரும்பாலும் தென்மேற்கிலிருந்து வீசும். ஆம்ஸ்டர்டாமிலிருந்து பார்த்தால் புரூஜ் இருப்பதும் தென்மேற்கில்தான். ஆக, எல்லோரும் ஆசையாக எடுக்கும் திசையில் காற்று முகத்தில் அடிக்கவே வாய்ப்பு அதிகம். ஏற்றமே இல்லாத நாடு என்று கேள்விப்பட்டு வந்தவர்கள், மரம் மட்டை இல்லாத ஆற்றங்கரை மேட்டில் சைக்கிளை நிறுத்தி மூச்சு வாங்குவதைப் பார்த்திருக்கிறேன். பல படகுகள் ஒரு வாரம் இப்படிப் போய், அடுத்த வாரம் அதே வழியில் திரும்பும். அந்தத் திரும்பும் வாரத்தை எடுங்கள். புரூஜில் ஏறி ஆம்ஸ்டர்டாமில் இறங்கலாம். காற்று யாருக்கும் எழுதிக்கொடுத்துவிட்டு வீசுவதில்லை, ஆனாலும் சாதகமான பக்கத்தில் நிற்பதில் நஷ்டமில்லை.

படகு கூடவே வரும் என்று நம்புவது

இதைக் கேட்டால் எனக்கு இன்றைக்கும் எரிச்சல் வரும். "கிளம்புவதற்கு முன் கொஞ்சமாவது ஓட்டிப் பழகினீர்களா?" என்றால், "முடியலைன்னா படகுல ஏறிக்கலாமே" என்பார்கள். விளம்பரப் படங்கள் வேறு இதற்குத் தூபம் போடுகின்றன. கரையில் சைக்கிள், பக்கத்திலேயே தண்ணீரில் படகு, மேல்தளத்திலிருந்து யாரோ கையசைக்கிறார்கள். அப்படி ஒரு காட்சி வாரத்தில் எப்போதாவது கொஞ்ச நேரம் கிடைக்கும். மற்ற நேரமெல்லாம் படகுக்கு ஒரு வழி, உங்களுக்கு ஒரு வழி.

வில்லெம்ஸ்டாடிலிருந்து டோலன் போகும் நாளை எடுத்துக்கொள்ளுங்கள். படகு முதலில் வோல்கராக் லாக்கைக் கடக்க வேண்டும். லாக் என்றால், முன்னும் பின்னும் கதவுள்ள தொட்டியில் படகை நிறுத்தி நீர்மட்டத்தை ஏற்றி இறக்கும் மதகு. ரோட்டர்டாமுக்கும் ஆண்ட்வெர்ப்புக்கும் நடுவே ஓடும் சரக்குக் கப்பல்கள் வருவதும் அந்த வழியாகத்தான். அவற்றோடு வரிசையில் நின்று கடந்து, அப்புறம் ஷெல்ட்–ரைன் கால்வாயைப் பிடிக்க வேண்டும். அந்த நேரத்தில் நீங்கள் வயல்களுக்கு நடுவே ஏதோ ஓர் ஊர்ச்சாலையில் இருப்பீர்கள். சுற்றிலும் உருளைக்கிழங்கு, தண்ணீரே கண்ணில் படாது. பட்டாலும் என்ன செய்வது? அத்தனை நீளமான இரும்புப் படகை, டவுன் பஸ் மாதிரி கைகாட்டி நிறுத்த முடியாது. கட்ட இடம் வேண்டும், ஆழம் வேண்டும், அனுமதி வேண்டும்.

இதைவிட ஏமாற்றும் நாள் ஒன்று உண்டு: ஆண்ட்வெர்ப்பிலிருந்து டெண்டர்மோண்டே. அன்றைக்கு ஷெல்ட் ஆறு அடிக்கடி கண்ணில் படும், அதனாலேயே நம்பிக்கை வந்துவிடும். அந்த ஆறோ கடல் ஓதத்துக்கு, அதாவது கடல்நீர் தினமும் ஏறி இறங்குவதற்கு, கட்டுப்பட்டது. ஆண்ட்வெர்ப்பில் நீர்மட்டம் சுமார் 5 மீட்டர் ஏறி இறங்கும். அந்த ஏற்ற இறக்கம் கென்ட் நகரத்துக்குப் பக்கத்திலுள்ள மெரெல்பேக் மதகு வரை உள்ளே போகிறது. ஆற்றில் மேல்நோக்கிப் போகும் படகை ஏறும் ஓதம் தள்ளிவிடும். இறங்கும்போது எதிர்த்துப் போனால் டீசல்தான் தீரும். அதனால் படகு எப்போது கிளம்பும் என்பதை ஓதம்தான் முடிவு செய்யும். ஓதமும் ஒரே நேரத்தில் வராது, நாளுக்கு ஏறக்குறைய 50 நிமிடம் தள்ளிப்போகும். போன மாதம் போய்வந்தவர் சொன்ன நேரம் உங்களுக்கு உதவாது.

சென்னையிலிருந்து வந்த நண்பரும் அவர் மனைவியும் மாட்டிக்கொண்டது இந்த நாளில்தான். காலையில் ஆண்ட்வெர்ப் கதீட்ரலில் ரூபன்ஸ் ஓவியங்களை நிதானமாகப் பார்த்தார்கள். அதில் தப்பே இல்லை. அப்புறம் 1933இல் திறந்த புனித அன்னா சுரங்கப்பாதை. மரத்தால் ஆன நகரும் படிக்கட்டில் சைக்கிளோடு இறங்கி, ஆற்றுக்கு அடியில் 572 மீட்டர் கடந்து, அக்கரையில் ஏறினால் அதுவே ஒரு அனுபவம். வரைபட நிபுணர் மெர்கேட்டர் 1512இல் பிறந்த ரூபெல்மோண்டேயிலும் நின்று படம் எடுத்துக்கொண்டார்கள். டெம்சே வந்தபோது நண்பருக்கு முழங்கால் போய்விட்டது. "இங்கேயே உட்காருவோம், போட் வரட்டும்" என்று ஆற்றோரம் உட்கார்ந்துவிட்டார்.

படகு வரவில்லை. அவர்கள் ரூபன்ஸைப் பார்த்துக்கொண்டிருந்த நேரத்திலேயே ஓதத்தைப் பிடித்து அது டெம்சேயைத் தாண்டிப் போய்விட்டது. மனைவி கடைசியில் போன் செய்தபோது, டெண்டர்மோண்டேயை நெருங்கிவிட்டோம் என்றார்களாம். சைக்கிள்கள் வாடகைக்கு எடுத்தவை, விட்டுவிட்டும் வர முடியாது. இரண்டு சைக்கிள் ஏறும் வேன் டாக்ஸி ஒன்றைத் தேடிப்பிடித்து வந்தார்கள். அதற்குக் கொடுத்த பணத்தில், அந்த வாரம் முழுக்க ஓட்டியிருக்கக்கூடிய மின்சார சைக்கிளின் கூடுதல் வாடகையில் பெரும்பகுதி அடங்கியிருக்கும். முழங்கால் வலி ஊருக்குப் போன பிறகும் விடவில்லை. இத்தனைக்கும் முந்தின இரவு சாப்பாட்டு மேசையில் படகு கிளம்பும் நேரத்தை வழிகாட்டி சொல்லியிருக்கிறார். இவர்கள் போட்டோ பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

சரி, என்ன செய்யலாம்? படகில் போவதா, சைக்கிளில் போவதா என்பதைக் காலையிலேயே முடிவு செய்யுங்கள். ஒருநாள் முழுக்க மேல்தளத்தில் உட்கார்ந்து வருவது அருமையான விஷயம், யாரும் தப்பாக நினைக்க மாட்டார்கள். முந்தின இரவே மூன்று கேள்வி கேளுங்கள்: நாளைக்குப் படகு எப்போது கிளம்பும், நடுவில் ஏற இடம் உண்டா, மாலை எங்கே கட்டுவார்கள். மூன்றாவதுக்குப் பதிலாக ஊர்ப் பெயரை மட்டும் வாங்கிக்கொள்ளாதீர்கள். போனில் அந்த இடத்தையே குறித்துத் தரச் சொல்லுங்கள். கென்ட் என்று தேடிப் போனால் நகர நடுவில் கொண்டுபோய் விடும், படகோ ஊருக்கு வெளியே நின்றுகொண்டிருக்கலாம்.

கிளம்பும் முன் ஊரில் ஓட்டிப் பழகுவதிலும் ஒரு விஷயம் இருக்கிறது. ஒரே ஞாயிற்றுக்கிழமை 50 கிலோமீட்டர் ஓட்டிவிட்டு வாரம் முழுக்கப் படுத்திருப்பது பயிற்சி ஆகாது. மறுநாளும் உட்கார வேண்டும். இரண்டாம் நாள் சீட்டில் உட்காரும்போதுதான் உண்மை தெரியும். அது ஒத்துவராது என்று தோன்றினால் பதிவு செய்யும்போதே மின்சார சைக்கிள் சொல்லிவிடுங்கள். படகில் அவை எண்ணி வைத்த அளவில்தான் இருக்கும், ஏறிய பிறகு கேட்டால் கிடைக்காது.

எண்ணை மட்டும் நம்புவது

இங்கே சைக்கிள் சந்திப்புகளுக்கு எண் போட்டிருப்பார்கள். 1995இல் பெல்ஜியத்தின் லிம்பர்க் மாகாணத்தில் தொடங்கிய முறை, இப்போது நெதர்லாந்திலும் பரவியிருக்கிறது. இன்றைய எண்களை வரிசையாக ஒரு சீட்டில் எழுதிக்கொண்டால் போதும், அம்புக்குறி கூட்டிப்போகும். ஆனால் எண்கள் 99க்குள் அடங்குவதால் ஒரே எண் வெவ்வேறு வட்டாரங்களில் திரும்பத் திரும்ப வரும். வழி தவறியவர் போனில் "35க்குப் போ" என்று தேடினால் எந்த 35 என்பது கடவுளுக்கே வெளிச்சம். எண்ணுக்குப் பக்கத்தில் ஊர்ப் பெயரையும் எழுதிக்கொள்ளுங்கள். பலகையின் நிறமும் எல்லை தாண்டினால் மாறும்: நெதர்லாந்தில் பச்சை எழுத்து, பெல்ஜியத்தின் வடபகுதியான ஃப்ளாண்டர்ஸில் நீலப் பலகை.

பின்னால் மிதிப்பது

சில வாடகை சைக்கிள்களில் அதுதான் பிரேக்.

பெரிய பெட்டி

அறைக்குள் அது நுழைந்தால் நீங்கள் நுழைய முடியாது.

சைவம் என்று ஏறியபின் சொல்வது

படகில் ஒரே சமையல்காரர். சாமான் ஏற்கெனவே வாங்கியாயிற்று.

கென்டில் தாமதமாக நுழைவது

வான் ஐக் சகோதரர்களின் பலிபீட ஓவியம், 1432இல் முடித்தது, புனித பாவோ கதீட்ரலில் இருக்கிறது. அதைப் பார்ப்பதற்கே பலர் இந்த வழியைத் தேர்ந்தெடுக்கிறார்கள். அதற்கு நேரம் குறித்த நுழைவுச்சீட்டு வேண்டும், மாலையோடு மூடிவிடுவார்கள். அன்றைக்கு நீளமான பாதை, குறுகிய பாதை என்று இரண்டு கொடுத்தால் யோசிக்காமல் குறுகியதை எடுங்கள்.

விசாவும் திரும்பும் டிக்கெட்டும்

இந்திய பாஸ்போர்ட் உள்ளவர்கள் ஷெங்கன் விசாவுக்கு எந்த நாட்டில் அதிக இரவு தங்குகிறார்களோ அந்த நாட்டிடம் விண்ணப்பிக்க வேண்டும். இந்த வழியில் பாதி இரவு நெதர்லாந்து, பாதி பெல்ஜியம் என்று பிரியும். படகு எந்த இரவு எந்த ஊரில் நிற்கும் என்ற பட்டியலை வாங்கி எண்ணிப் பாருங்கள், முன்னும் பின்னும் ஓட்டலில் தங்கும் இரவுகளையும் சேர்த்து. இரண்டும் சமமாக வந்தால் முதலில் நுழையும் நாடு. ஏறும் ஊரும் இறங்கும் ஊரும் வேறு என்பதை மறந்து, பெரிய பெட்டியை முதல் ஊர் ஓட்டலிலேயே விட்டுவிட்டு வருகிறவர்களும் இருக்கிறார்கள். அதை எடுக்க ரயிலில் ஏறக்குறைய மூன்று மணி நேரம் திரும்பப் போக வேண்டும். கடைசி நாள் காலைச் சாப்பாடு முடிந்ததும் படகைக் காலி செய்யச் சொல்வார்கள், அன்று மதியமே விமானம் போடாதீர்கள்.