கல் பதித்த ஃபயர்பிளேஸ் சுவரில் கனமான மர மேன்டல் மாட்டுவது எப்படி

அமெரிக்காவிலோ கனடாவிலோ ஃபயர்பிளேஸ், அதாவது கணப்பு அடுப்பு, உள்ள வீடு வாங்கிக் குடிபோன நம் ஆட்கள் பலருக்கு, அந்தக் கல் சுவரில் பழைய உத்தரம் மாதிரி ஒரு தடித்த மரத்தை மேன்டலாக, அதாவது அடுப்பு வாய்க்கு மேலே நீட்டி நிற்கும் தட்டாக, மாட்டிவிட வேண்டும் என்று ஆசை வரும். நல்ல ஆசைதான், கூடத்தின் முகமே மாறிவிடும். ஆனால் ட்ரில்லைக் கையில் எடுப்பதற்கு முன் எடையைக் கணக்குப் போட்டுவிடுங்கள். 6 அடி நீளம், 6 அங்குல உயரம், சுவரிலிருந்து 8 அங்குலம் வெளியே நீட்டும் ஓக் கட்டை 2 கன அடி வரும்; காய்ந்த ஓக் ஒரு கன அடிக்குச் சுமார் 45 பவுண்டு, ஆக 90 பவுண்டு, 40 கிலோவுக்கு மேல். அதன் மேல் படங்கள், பூச்சாடி, கொலு பொம்மை என்று எதையாவது வைக்காமல் யாரும் விடப்போவதில்லை. பிள்ளைகள் உட்கார்ந்து விளையாடும் இடத்துக்கு நேர் மேலே இது நிற்கப்போகிறது, அதனால் இதில் அரைகுறை வேலையே கூடாது.

முதலில் தெரிந்துகொள்ள வேண்டியது, உங்கள் சுவர் நிஜமாகவே கல்லால் கட்டியதா அல்லது மேலே கல் ஒட்டியதா என்பது. பழைய வீடுகளில் அஸ்திவாரத்திலிருந்து கல்லும் கலவையுமாக எழும்பிய முழுச் சுவர் இருக்கும். பேஸ்மென்டில் போய்ப் பார்த்தால் அதைத் தாங்கும் கட்டுமானம் தெரியும். புதிய வீடுகளில், குறிப்பாக கேஸ் ஃபயர்பிளேஸ் உள்ளவற்றில், மரச் சட்டத்தின் மேல் பலகை அடித்து அதன் மேல் ஒன்று இரண்டு அங்குலத் தடிமனில் சிமென்டில் வார்த்த கற்களை ஒட்டியிருப்பார்கள். பார்க்க இரண்டும் ஒன்றுபோலவே இருக்கும். சுவரின் பக்கவாட்டு ஓரத்தைப் பாருங்கள், தட்டிப் பாருங்கள், பொத்தென்று வெற்றுச் சத்தம் கேட்டால் ஒட்டுக்கல்தான். அந்தக் கல்லில் ஆங்கர் (துளைக்குள் இறுகிப் பிடிக்கும் ஆணி) அடித்து இந்த எடையைத் தொங்கவிடவே கூடாது. அது தன் எடையைத் தாங்கத்தான் ஒட்டப்பட்டிருக்கிறது, உங்கள் மரத்தைத் தாங்க இல்லை. ஒரு நாள் கல்லோடு சேர்ந்தே பெயர்ந்து வரும்.

அடுத்து நெருப்புக்கும் மரத்துக்கும் உள்ள இடைவெளி. விறகு எரிக்கும், கல்லோ செங்கல்லோ வைத்துக் கட்டிய ஃபயர்பிளேஸ் என்றால் அமெரிக்க வீட்டுக் கட்டட விதிப்படி நெருப்பு எரியும் அடுப்பு வாயிலிருந்து 6 அங்குலத்துக்குள் மரமே வரக்கூடாது, 12 அங்குலத்துக்குள் வருகிற மரம் ஒவ்வொரு அங்குல தூரத்துக்கும் எட்டில் ஒரு அங்குலத்துக்கு மேல் வெளியே நீட்டக்கூடாது. கணக்குப் போட்டால் 8 அங்குலம் நீட்டும் மேன்டல், வாயின் மேல் விளிம்பிலிருந்து குறைந்தது 12 அங்குலம் மேலே இருக்க வேண்டும். கனடாவிலும் ஏறக்குறைய இதே கதைதான், 38 மில்லிமீட்டருக்கு மேல் நீட்டினால் 300 மில்லிமீட்டர் உயரம். கேஸ் ஃபயர்பிளேஸ் என்றால் இந்தப் பொதுக் கணக்கை விட்டுவிட்டு அந்த மாடலின் கையேட்டில் உள்ள மேன்டல் படத்தைப் பாருங்கள், எவ்வளவு நீட்டினால் எவ்வளவு உயரம் என்று அதில் வரைந்தே காட்டியிருப்பார்கள். உங்கள் ஊரில் இதைவிடக் கடுமையான விதி இருக்கலாம், நகராட்சியில் ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள். அழகுக்காக ஒரு அங்குலம் இறக்கி வைப்போம் என்ற பேச்சுக்கே இடம் கொடுக்காதீர்கள்.

மரத்தைப் பற்றிச் சுருக்கமாக: சூளையில் உலர்த்திய மரமாக வாங்குங்கள். ஈர மரத்தைக் கொண்டுவந்து நெருப்புக்கு மேலே வைத்தால் முறுக்கிக்கொண்டு வெடிக்கும். பழைய பண்ணைக் கொட்டகைகளில் பிரித்த உத்தரங்கள் அழகாக இருக்கும், ஆனால் உளுத்த மரமா என்று பாருங்கள். குண்டூசித் தலை அளவு ஓட்டைகளும், தட்டினால் மாவு மாதிரித் தூளும் உதிர்ந்தால் அதைச் சூளையில் சூடேற்றி வாங்காமல் வீட்டுக்குள் கொண்டுவர வேண்டாம்.

இப்போது முழுக்கல் சுவர். இதற்கு எனக்குப் பிடித்த முறை மரையுள்ள இரும்புக் கம்பியும் எபாக்ஸியும் (இரண்டு பொருள் கலந்து கல்லாக இறுகும் பசை). 6 அடி மரத்துக்கு அரை அங்குலக் கம்பி நான்கு போடுங்கள், மூன்றோடு நிறுத்த வேண்டாம். சுவரில் ரசமட்டம் வைத்து நேர்கோடு போட்டு, துளைகள் கல்லின் நடுவில் விழும்படி இடம் குறியுங்கள். கல் ஓரத்தில் போட்டால் சில்லு பெயரும், பழைய கலவை இணைப்பில் போட்டால் பிடிப்பு இருக்காது. நல்ல ரோட்டரி ஹேமர் (சுழன்றுகொண்டே இடித்துத் துளைக்கும் ட்ரில்) ஒன்றை வாடகைக்கு எடுங்கள், சாதாரண ட்ரில்லோடு கருங்கல்லில் மல்லுக்கட்டினால் பிட்தான் தேயும். முதலில் கால் அங்குல பிட்டில் வழி போட்டுக்கொண்டு பிறகு 9/16 அங்குலத்துக்குப் பெரிதாக்குங்கள். ஆழம் 4 முதல் 6 அங்குலம். ஆனால் பின்னால் புகை போகும் வழி இருக்கிறது, அதனால் அடுப்புக்குள் கைவிட்டு முன்சுவரின் தடிமனை அளந்த பிறகுதான் ஆழத்தை முடிவு செய்ய வேண்டும். பிட்டில் டேப் சுற்றி அளவு குறித்துக்கொள்ளுங்கள். கல் தூசி நுரையீரலுக்குக் கேடு, சரியான மாஸ்க் இல்லாமல் தொடங்காதீர்கள், பக்கத்தில் ஒருவர் வேக்குவம் பிடிக்கட்டும்.

பலர் கோட்டை விடுவது துளையைச் சுத்தம் செய்வதில்தான். தூசி இருந்தால் எபாக்ஸி கல்லைப் பிடிக்காது, தூசியைத்தான் பிடிக்கும். காற்றால் ஊதி, கம்பி பிரஷ் விட்டுச் சுழற்றி, மறுபடி ஊதுங்கள், வெள்ளைத் தூள் வருவது நிற்கும்வரை. குழாயிலிருந்து வரும் முதல் எபாக்ஸி இரண்டு நிறமாகக் கோடு கோடாக வரும், அதை ஒரு அட்டையில் பிதுக்கி எறிந்துவிட்டு ஒரே நிறமானதும் துளையின் அடியிலிருந்து நிரப்பிக்கொண்டே வெளியே வாருங்கள். கம்பியைத் திருகிக்கொண்டே உள்ளே தள்ளினால் துளையின் வாயில் கொஞ்சம் பிதுங்கும், அது நல்ல அறிகுறி. நான்கும் மட்டமாகவும் ஒன்றுக்கொன்று இணையாகவும் இருக்கிறதா என்று உடனே பார்த்துவிடுங்கள், இறுகிய பிறகு ஒன்றும் செய்ய முடியாது. எவ்வளவு நேரம் இறுக வேண்டும், எவ்வளவு சூடு தாங்கும் என்று குழாயிலேயே எழுதியிருக்கும்; குளிர் காலத்தில் நேரம் கூடும். அதுவரை தொடாதீர்கள், அடுப்பையும் மூட்டாதீர்கள்.

ஒட்டுக்கல் சுவருக்கு வேறு வழி. எடை பின்னால் உள்ள ஸ்டட்களுக்கு (சுவருக்குள் செங்குத்தாக நிற்கும் சட்டங்கள்) போக வேண்டும். அவை பெரும்பாலும் 16 அங்குலத்துக்கு ஒன்று இருக்கும், ஆனால் அடுப்புக்கு மேலே இந்தக் கணக்கு மாறலாம், சில இடங்களில் தகரச் சட்டமும் இருக்கும். ஸ்டட் ஃபைண்டர் கல்லுக்குள் பார்க்காது; கல் முடியும் இடத்துக்கு மேலே உள்ள ட்ரைவாலில் (ஜிப்சம் பலகைச் சுவர்) தேடிக் கீழே தூக்குக்குண்டு விட்டுக் கோடு இறக்குங்கள். அந்தச் சுவருக்குள் கேஸ் குழாய், மின்கம்பி, புகைக்குழாய் எல்லாம் ஓடும், எது எங்கே என்று தெரியாமல் ஒரு துளையும் போட வேண்டாம். பிறகு, மரத்தின் பின்பக்கத்தைவிட எல்லாப் பக்கமும் ஒரு அங்குலம் சிறிதாக ஒரு பட்டைக் கல்லை வைர பிளேடால் வெட்டி எடுத்துவிட்டு, கம்பிகள் பற்றவைத்த தடித்த இரும்புப் பட்டையை 3/8 அங்குல லேக் போல்ட்டால் (மரத்தில் முடுக்கும் தடித்த திருகாணி) நேரடியாக ஸ்டட்டில் முடுக்குங்கள். ஸ்டட்டின் மரத்துக்குள் இரண்டரை அங்குலமாவது போல்ட் இறங்க வேண்டும். கல்லை வெட்டாமல் அதன் மேலேயே பட்டையை வைத்து முடுக்கினால் மேடுபள்ளத்தில் கல் விரிசல் விடும். தகரச் சட்டமாக இருந்தால் இதை நீங்களே செய்ய வேண்டாம், சுவரைத் திறந்து தாங்குகட்டை வைக்கத் தெரிந்த ஆளைக் கூப்பிடுங்கள்.

கம்பிகள் நின்றதும், அவற்றின் இடத்தை மரத்துக்கு மாற்ற அளவுநாடாவை நம்பாதீர்கள், கல்லில் பிட் கொஞ்சம் நகர்ந்திருக்கும். மெல்லிய பிளைவுட்டையோ அட்டையையோ கம்பி முனைகளில் அழுத்திக் குறி எடுத்து, அதை மரத்தின் பின்பக்கத்தில் வைத்துத் துளையிடுங்கள். கம்பியைவிட பதினாறில் ஒரு அங்குலம் பெரிய துளை போதும், முன்பக்கம் துளைத்துவிடாமல் நேராக.

மேடுபள்ளமான கல்லோடு மரம் ஒட்டி உட்காருவதுதான் இந்த வேலையின் அழகு, இதற்கு நேரம் கொடுங்கள். மரம் உட்காரும் கோட்டில் ஒரு அட்டையைக் கிடையாகப் பிடித்து, ஒரு வாஷரின் ஓட்டையில் பென்சிலை நுழைத்து, வாஷரின் விளிம்பு கல்லைத் தொட்டபடி உருட்டிக்கொண்டே போனால் கல்லின் ஒவ்வொரு நெளிவும் அட்டையில் கோடாக விழும். அட்டையை வெட்டிச் சுவரில் வைத்து ஒப்பிட்டுப் பார்த்துத் திருத்திய பிறகு அந்தக் கோட்டை மரத்தில் வரைந்து, ஜிக்சாவாலும் சாண்டராலும் எடுங்கள். மேல் விளிம்பு கண்ணில் படுவது, அதில் கவனம் கூடுதலாக வேண்டும். துருத்திக்கொண்டு நிற்கும் ஒரே ஒரு கல் என்றால் மரத்தைக் குடையாமல் கல்லையே கொஞ்சம் அரைத்துவிடலாம்.

தூக்குவதற்குக் குறைந்தது இரண்டு பேர், மூன்று பேர் இருந்தால் நிம்மதி. சரியான உயரத்தில் இரண்டு முட்டுக்கட்டைகளைத் தயாராக வைத்திருங்கள், பாதியில் நின்றால் கை தாங்காது. முதலில் பசை இல்லாமல் ஏற்றிப் பாருங்கள். சரியாக உட்கார்ந்தால் கழற்றி, துளைகளுக்குள் சூடு தாங்கும் சிலிகான் கொஞ்சம் விட்டு மறுபடி தள்ளிச் சேர்த்து, முட்டுக் கொடுத்து ஒரு இரவு விடுங்கள். எடையைத் தாங்குவது கம்பி. சிலிகான் மரம் முன்னால் நகராமல் பார்த்துக்கொள்ளும், பின்னொரு நாள் கழற்றவும் விடும். அப்புறம் முதல் முறை அடுப்பை மூட்டி ஒரு மணி நேரம் எரியவிட்டு மரத்தின் அடிப்பக்கத்தைத் தொட்டுப் பாருங்கள். கை வைக்க முடியாத சூடு என்றால் அடியில் ஒரு அங்குலக் காற்று இடைவெளி விட்டுத் தகரக் கவசம் போட்ட பிறகே அடுத்த நெருப்பு.