காய் தொடாத பிள்ளைக்குக் குழிப்பணியாரம்

செட்டிநாட்டு அடுப்படியில் பணியாரக் கல் எப்படியும் இருக்கும். காயைக் கண்டாலே முகம் திருப்பும் 2 முதல் 5 வயதுப் பிள்ளைக்கு அதிலிருந்தே தொடங்கலாம்; கைக்கு அடக்கமாகத் தானே எடுத்துத் தின்னும்.

ஒரு கப் பணியார மாவுக்கு 2 மேசைக்கரண்டி துருவிய கேரட் போதும். துருவலை எண்ணெயில் 2 நிமிடம் வதக்கி, ஆறவிட்டுச் சேருங்கள். பச்சையாகப் போட்டால் நீர்விட்டு மாவு இளகும். வெளியே சிவந்து நடுவில் வேகாமல் பிசுபிசுவென்று நிற்கும். பிள்ளை துப்புவது அந்தப் பிசுபிசுப்பைத்தான். தாளிப்பில் மிளகாய் வேண்டாம். கடலைப்பருப்பும் வேண்டாம், தொண்டையில் சிக்கும். மூடி போட்டுச் சிறு தீயில் 3 நிமிடம், திருப்பி 2 நிமிடம்.

காயை ஒளித்து மட்டுமே கொடுக்காதீர்கள். நன்றாக வெந்த கேரட் துண்டு ஒன்று, பிள்ளையின் விரல் நுனி அளவில், தட்டோரம் இருக்கட்டும். தொடாவிட்டால் பேசாமல் எடுத்துவிடுங்கள். புதுச் சுவை பழக 10, 15 தடவைகூட ஆகும். நாமோ மூன்றாம் நாளே "இவனுக்குப் பிடிக்காது" என்று தீர்ப்பு எழுதிவிடுகிறோம்.

பசியும் வேண்டுமே. நாளுக்கு அரை லிட்டருக்கு மேல் பால் போனால் சோறு இறங்காது, இரும்புச்சத்தும் குறையும். சாப்பாட்டுக்கு 2 மணி நேரம் முன்பிருந்தே சீடை, முறுக்கு, அதிரசம் கிடையாது. (அப்பத்தாவைச் சம்மதிக்க வைப்பதுதான் பெரும்பாடு.) அரை மணி நேரத்தில் தட்டை எடுத்துவிடுங்கள், மிரட்டலும் கைபேசியும் இல்லாமல்.

எடை ஏறாமல் நின்றாலோ, கட்டியான எதைக் கொடுத்தாலும் குமட்டினாலோ குழந்தை மருத்துவரிடம் காட்டுங்கள்.