அரோவானாவுக்கு இறால் கொடுக்கும் முன்

அரோவானா, பீகாக் பாஸ் போன்ற, தொட்டியில் வளர்க்கும் பெரிய வேட்டை மீன்களுக்கு அன்றாட உணவு தரமான பெல்லட் (உருண்டைத் தீவனம்) தான். மற்றதெல்லாம் வாரம் 2 முறை தரும் துணை உணவு.

அதில் முதலிடம் இறாலுக்கு. சிங்கப்பூர் தேக்கா ஈரச்சந்தையில் கிடைக்கும் சிறிய இறாலே போதும். தலையிலுள்ள கூர்முள்ளையும் வால் நுனியையும் வெட்டிவிடுங்கள். அவை தொண்டையில் குத்தும். ஓட்டை உரிக்க வேண்டாம், மீனின் சிவப்பு நிறத்துக்கு உதவும் நிறமி அதில்தான் இருக்கிறது. நன்றாகக் கழுவி, ஒருவேளைக்கு ஆகும் அளவாகப் பிரித்து உறையவையுங்கள். கொடுக்கும்போது முழுவதும் உருகியிருக்க வேண்டும்.

இறாலே கதி என்று விட்டால் சிக்கல். பச்சை இறால் சிலவற்றில் தயாமினேஸ் என்ற நொதி உண்டு. அது வைட்டமின் பி1-ஐச் சிதைக்கும். மாதக்கணக்கில் தொடர்ந்தால் மீன் பசியிழந்து, நிலைதடுமாறி நீந்தும். உறையவைப்பதால் இந்த நொதி அழியாது. எனவே திலாப்பியா சதைத் துண்டுகளையும் மாற்றி மாற்றிக் கொடுங்கள்.

உயிருள்ள தங்கமீனைத் தவிர்ப்பதே நல்லது: அதிலும் தயாமினேஸ் உண்டு, கூடவே வெள்ளைப்புள்ளி நோயும் நங்கூரப்புழு என்ற ஒட்டுண்ணியும் தொட்டிக்குள் வந்துவிடும். மாட்டு இதயம், கோழி வேண்டாம். அந்தக் கொழுப்பு மீனுக்குச் சரியாகச் செரிக்காது, ஈரலில் படியும். வெட்டுக்கிளி நல்லது, முள்ளுள்ள பின்னங்கால்களைக் கிள்ளிவிடுங்கள்.

10 நிமிடத்தில் தின்னாததை வெளியே எடுத்துவிடுங்கள். நம் ஊர் வெப்பத்தில் மிச்சம் சீக்கிரம் அழுகி, தண்ணீரில் அம்மோனியா ஏறும்.