மீன் சதையை அமிலத்தில் கரைப்பது எப்படி: ஈயம், காட்மியம் அளக்கும் முன் செய்யவேண்டியவை

எண்ணூர்க் கழிமுகத்தில் பிடித்த மடவை மீனில் ஈயமும் காட்மியமும் எவ்வளவு என்று பார்க்கவேண்டும் என்று வைத்துக்கொள்வோம். உலோகங்களை மிக நுண்ணிய அளவில் அளக்கும் ஐசிபி-எம்எஸ் கருவிக்குச் சதைத்துண்டை அப்படியே கொடுக்க முடியாது. புரதம், கொழுப்பு எல்லாவற்றையும் சூடான அமிலத்தில் சிதைத்து, தெளிந்த திரவமாக்கித்தான் கொடுக்கவேண்டும். அமிலம் தன் வேலையைச் செய்துவிடும், அதில் பெரிய சூட்சுமம் இல்லை. நாம் தேடும் உலோகம் ஒரு கிராம் சதையில் ஒரு மைக்ரோகிராம்கூட இருக்காது என்பதால், கத்தி, கையுறை, குப்பி, காற்றில் பறக்கிற தூசி என்று எல்லாமே தன் பங்குக்குக் கொஞ்சம் சேர்த்துவிடும். தலைவலி அங்கேதான்.

ஆகவே முதல் வேலை கழுவுவது. டெஃப்லான் கலன், பிளாஸ்டிக் குழாய், மூடி எல்லாவற்றையும் 10% நைட்ரிக் அமிலத்தில் ஓர் இரவு ஊறப்போட்டு, 18.2 மெகாஓம் தண்ணீரில் (அயனிகள் நீக்கிய மிகத் தூய தண்ணீர்) மூன்று முறையாவது அலசி, மூடிவைத்து உலர்த்துங்கள். மின்விசிறிக்குக் கீழே திறந்து காயவைத்தால் கழுவியதெல்லாம் வீண். கையுறை பவுடர் இல்லாத நைட்ரைலாக இருக்கட்டும், அந்தப் பவுடரில் துத்தநாகம் வரும். பிப்பெட் டிப் நிறமில்லாததாக இருப்பது நல்லது. எஃகுக் கத்தியிலிருந்து குரோமியமும் நிக்கலும் வரலாம், அவற்றையும் அளப்பதாக இருந்தால் செராமிக் கத்தி வாங்கிவிடுங்கள்.

தோலை நீக்கி, எல்லா மீனிலும் ஒரே இடத்திலிருந்து, முதுகுச் சதையாகவே எடுங்கள். ஈரல் வேண்டுமானால் தனியாக வையுங்கள், காட்மியம் சதையைவிட அங்கேதான் அதிகம் சேரும். எடை போட்டு, உலர்த்தி, மறுபடி எடை போட்டு ஈரப்பதத்தைக் குறித்துக்கொள்ளுங்கள், கடைசிக் கணக்கில் அது தேவைப்படும். ஈயம், காட்மியம் மட்டும் என்றால் 60 டிகிரி ஓவன் போதும், பாதரசமும் பார்ப்பதாக இருந்தால் ஓவன் பக்கமே போகாதீர்கள், அது ஆவியாகிவிடும், உறையவைத்து உலர்த்தும் ஃப்ரீஸ் டிரையர்தான்.

உலர்ந்த சதையைப் பொடித்து, அதில் சுமார் 0.5 கிராம் கலனில் எடுத்து, டிரேஸ் மெட்டல் கிரேடு (உலோக மாசு மிகக் குறைந்த) நைட்ரிக் அமிலம் 7 மி.லி. விட்டு, மூடியை லேசாக வைத்து, புகையை உறிஞ்சி வெளியேற்றும் ஃபியூம் ஹூடுக்குள் ஓர் இரவு விடுங்கள். பலர் இந்தப் படியைத் தாண்டிப் போகிறார்கள். கொழுப்புள்ள மாதிரியில் முதல் ஆவேசமெல்லாம் இப்படித் திறந்த கலனிலேயே அடங்கிவிட்டால், மறுநாள் ஆய்வக மைக்ரோவேவில் அழுத்தம் திடீரென எகிறாது. காலையில் 30% ஹைட்ரஜன் பெராக்சைடு 1 மி.லி. சொட்டுச் சொட்டாக விடுங்கள், அவசரப்பட்டு ஒரேயடியாக ஊற்றினால் பால் பொங்குவதுபோல் பொங்கி வழியும், மாதிரி போச்சு. நுரை அடங்கியதும் மூடி, மைக்ரோவேவில் வைத்து, 20 நிமிடத்தில் 180 டிகிரிக்குக் கொண்டுபோய் இன்னொரு 20 நிமிடம் அங்கேயே வையுங்கள். 50 டிகிரிக்குக் கீழே இறங்கும்வரை திறக்காதீர்கள். ஹூடுக்குள்தான் திறக்கவேண்டும், வரும் பழுப்புப் புகை நைட்ரஜன் டை ஆக்சைடு, நுரையீரலுக்கு ஆகாது.

மைக்ரோவேவ் இல்லையா, ஹாட்பிளேட்டிலும் செய்யலாம். 95 டிகிரி வாக்கில் வாட்ச் கிளாஸ் (குழிவான கண்ணாடித் தட்டு) மூடி வைத்து, அடி காயாமல் அமிலம் சேர்த்துக்கொண்டே இருங்கள், பெராக்சைடு மட்டும் ஆறியபிறகு. பாதரசத்துக்கு மட்டும் இந்தத் திறந்த முறை வேண்டாம். பெர்குளோரிக் அமிலம் சீக்கிரம் முடிக்கும் என்று யாராவது சொன்னால் சரி என்று தலையாட்டிவிட்டு வந்துவிடுங்கள். கொழுப்போடு சேர்ந்து வெடிக்கக்கூடியது, அதற்கென்றே தண்ணீர் பீய்ச்சிக் கழுவும் தனி ஹூட் வேண்டும். மீன் சதைக்கு அது தேவையே இல்லை.

கரைசல் நிறமில்லாமலோ வெளிர் மஞ்சளாகவோ தெளிவாக இருந்தால் முடிந்தது. அதே தூய தண்ணீரால் 50 மி.லி.க்கு நிரப்பி, பாலிப்ரோப்பிலீன் குழாயில் வையுங்கள். கருவிக்குக் கொடுக்குமுன் இன்னும் 5 மடங்கு நீர்த்தால் அமிலம் 2 முதல் 3 சதவீதத்துக்கு வந்துவிடும்.

ஒவ்வொரு தொகுதியிலும் சதை போடாத பிளாங்க் குறைந்தது இரண்டு, ஒரே சதையை இருமுறை கரைக்கும் இரட்டை மாதிரி ஒன்று, உலோக அளவு முன்பே தெரிந்த சான்றளித்த மாதிரி ஒன்று கட்டாயம். மீனுக்குக் கனடா தேசிய ஆராய்ச்சி மன்றத்தின் டார்ம் வரிசை பொருத்தம். அதில் சான்றிதழ் மதிப்பு கிடைத்தாலும் பிளாங்க் ஏறியிருந்தால் அந்தத் தொகுதியை நம்பாதீர்கள், சான்றளித்த மாதிரியில் உலோகம் அதிகமாக இருந்தால் உங்கள் மாசு அதில் தெரியாமல் போய்விடும், உலோகம் குறைந்த மடவையில் பூதாகரமாகத் தெரியும்.

கணக்கு எளிது. 5 மடங்கைப் பெருக்கியபின் ஈயம் லிட்டருக்கு 4 மைக்ரோகிராம், பிளாங்க் 0.2 என்றால் மிச்சம் 3.8. அதை 0.05 லிட்டரால் பெருக்கி 0.5 கிராமால் வகுத்தால் உலர் எடையில் கிலோவுக்கு 0.38 மி.கி. மீனுக்கான கோடெக்ஸ் (பன்னாட்டு உணவுத் தர அமைப்பு) வரம்பு 0.3 என்று பார்த்துப் பதறவேண்டாம், அந்த வரம்பு ஈர எடைக்கு. சதையில் 78% தண்ணீர் இருந்தால் 0.22ஆல் பெருக்குங்கள், சுமார் 0.08தான் வரும். அட்டவணைத் தலைப்பிலேயே உலர் எடையா ஈர எடையா என்று எழுதிவிடுங்கள்.